ரஹீம் சாகிப்

திருப்பதியில் வெயில் தணிந்ததும் மலையடிவாரத்துத் திடல்களில் பந்து உருளத் தொடங்கிவிடும். ஆடி முடித்துக் களைத்து உட்காரும் தோழர்களைக் கேட்டுப் பாருங்கள். பிரேசிலின் பீலேயைத் தெரியும். ஆலந்து நாட்டில் ஆட்டக்காரராய் இருந்து பயிற்சியாளராய் உயர்ந்தவர்களின் பெயரையும் அடுக்குவார்கள். சையத் அப்துல் ரஹீம் என்றால் மட்டும் விழிப்பார்கள். சித்தூர் மாவட்டம் 1953 வரை சென்னை மாநிலத்தோடு இருந்தது. 1956-இல் ஐதராபாத்தோடு ஒரே மாநிலமாயிற்று. 2014-இல் ஐதராபாத் பிரிந்தது. எல்லைக்கோடு எப்படி நகர்ந்தால் என்ன? அவர் நம் பக்கத்து வீட்டுக்காரர்.

ரஹீம் 1909 ஆகஸ்டு 17-ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்றபோது அதன் அணியில் ஆடிப் பெயர் பெற்றார். நம்மைப் போலவே ஒரு பல்கலைக்கழக மாணவர். பாடப் புத்தகமும் பந்தும் ஒன்றுக்கொன்று பகை என்று அவர் எண்ணவில்லை. பட்டம் பெற்றபின் பள்ளி ஆசிரியரானார். பின்னர் உடற்கல்வியிலும் பட்டயம் பெற்று, மாணவரின் விளையாட்டுப் பொறுப்பை ஏற்றார். அவர் வாழ்வு முழுவதற்கும் திறவுகோல் இந்த ஆசிரியத் தொழில்தான் என்பது என் எண்ணம். களத்தில் இறங்கி ஆடி அவர் பெற்ற புகழ் சிறிது. கற்பித்துப் பெற்ற புகழே பெரிது.

1940-களில் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். அங்கே அவர் நடத்திய சில பந்தயங்கள் வேடிக்கையாகத் தோன்றும். ஒன்றில் பந்தைக் காலோடு உருட்டிக்கொண்டு ஓடுவது தடை. வந்த பந்தை உடனே அடுத்தவனுக்குத் தள்ளிவிட வேண்டும். இன்னொன்றில் பழகாத காலால் மட்டுமே ஆட வேண்டும். வலக்காலன் இடக்காலால் தடுமாறுவதைப் பார்த்துச் சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் ஒரு பருவம் கழிந்தபின் அந்தப் பையனுக்கு இரண்டு காலும் கால்களாகிவிடும்! கணக்கில் தடுமாறும் பிள்ளையிடம் கணக்கையே மீண்டும் மீண்டும் கொடுக்கும் வாத்தியாரின் முறைதான் இது.

1950 முதல் ஐதராபாத் நகரக் காவல் அணி அவர் கையில் வந்தது. அவ்வாண்டே டியூரண்ட் கோப்பை. ரோவர்ஸ் கோப்பையோ 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை. கல்கத்தாவின் பெருங்கழகங்களே கால்பந்து என்றிருந்த காலத்தில், தெற்கிலிருந்து வந்த போலீஸ்காரர்கள் அந்தப் பெருமையை அசைத்துவிட்டார்கள்.

இந்திய அணியின் பயிற்சியும் அவரைத் தேடி வந்தது. 1951-இல் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என வென்று தங்கம் பெற்றோம். மறு ஆண்டே எல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா 10-1 என்று நம்மை நொறுக்கியது. குளிர்ந்த ஈரத்தரையில் நம்மவர் பலர் வெறுங்காலோடு ஆடினர். அதன்பின்தான் பூட்சு கட்டாயமாயிற்று. நான்கு ஆண்டுகளில் மெல்போர்ன். அங்கே ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4-2 என வென்றோம். நெவில் டிசோசா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதி கண்ட முதல் ஆசிய நாடு இந்தியா. அரையிறுதியில் அதே யூகோஸ்லாவியாவுக்கு எதிராக முதல் கோல் நம்முடையது. முடிவில் 4-1 என்று தோற்றோம். பல்கேரியாவிடமும் தோற்று நான்காம் இடம் பெற்றோம்.

இந்த அணியில் இருந்த துளசிதாஸ் பலராமைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. செகந்திராபாத் பாளையத்தை அடுத்த அம்முகூடாவில் வாழ்ந்த ஏழைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை அவர். ஐதராபாத்துக்குப் பயிற்சிக்கு வர அவரிடம் காசில்லை. வாடகைச் சைக்கிள் எடுத்து வா என்று நாளுக்கு ஒரு ரூபாய் கொடுத்தவர் ரஹீம். அந்தப் பிள்ளை 1960-இல் ரோமில் அங்கேரிக்கு எதிராக ஒரு கோலும் பெருவுக்கு எதிராக ஒரு கோலும் அடித்தார். அதே ரோமுக்கு ரஹீமின் மகன் ஹக்கீமும் அணியில் ஒருவராகச் சென்றார். ஓர் ஆட்டத்தில்கூடக் களமிறக்கப்படவில்லை.

1962-இல் ஜகார்த்தா. ரஹீமின் நுரையீரலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்த காலம் அது. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. தாய்லாந்து ஆட்டத்தில் தற்காப்பு வீரர் ஜர்னயில் சிங்கின் தலை பிளந்து ஆறு தையல் போட்டார்கள். வேறொருவராய் இருந்தால் அவரை ஓய்வில் உட்கார வைத்திருப்பார். ரஹீமோ கட்டுப்போட்ட தலையோடு அவரை முன்வரிசையில் நிறுத்தினார்! தென் வியட்நாமை 3-2 என வென்ற அரையிறுதியில் ஜர்னயில் ஒரு கோல் அடித்தார். இறுதியாட்டத்துக்குக் காய்ச்சலில் கிடந்து எழுந்த பீட்டர் தங்கராஜையே கோல்காவலராக நம்பினார்.

வெளியிலும் கொந்தளிப்பு. இஸ்ரேலையும் தைவானையும் விலக்கியதை எதிர்த்து இந்திய அதிகாரி சோந்தி பேசியதால், ஜகார்த்தாவில் நம் தூதரகமே தாக்கப்பட்டது. செப்டம்பர் 4-ஆம் நாள் நம் வீரர்கள் இறங்கியபோது அரங்கம் முழுவதும் கூச்சல். எதிரே மீண்டும் தென் கொரியா. பி.கே. பானர்ஜி ஒரு கோல். சற்று நேரத்தில் ஜர்னயில் ஒரு கோல். கொரியர் கடைசியில் ஒன்றைத் திருப்பினர். 2-1, தங்கம். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதற்குப்பின் நமக்குத் தங்கம் வாய்க்கவில்லை.

ஊர் திரும்பிய ரஹீம் ஓராண்டுகூட வாழவில்லை. 1963 ஜூன் 11-ஆம் நாள் மறைந்தார், வயது 53. பயிற்சியாளர்க்கான துரோணாச்சாரியார் விருது ஏற்பட்டதே 1985-இல்தான். அவர் கதை 2024-இல் இந்தித் திரைப்படமாக வந்தபின்தான் பலரும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டார்கள். சைக்கிளில் வந்த பலராமும் நெஞ்சுநோயால் அதே 1963-இல், இருபத்தேழு வயதுக்குள், ஆட்டத்தை விட்டார். 2023 பிப்ரவரியில் காலமாகும்வரை, சாகிப் கொடுத்த அந்த ஒரு ரூபாயை அவர் மறக்கவில்லை.