சுத்தமான எண்ணெயையும் 'கலப்படம்' ஆக்கும் 10 டிகிரி... யார் இந்த எர்ன்ஸ்ட் அபே?

சுத்தமான தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு. ரீஃப்ராக்டோமீட்டர்ல வெச்சுப் பார்த்தா, ஒளிவிலகல் எண் 1.452-ஐ ஒட்டி வருது. இந்திய உணவுத் தர விதிப்படி இருக்க வேண்டியது 1.4481 முதல் 1.4491 வரை. அப்போ கலப்படமா? அவசரப்படாதீங்க. அந்த விதி 40 டிகிரி செல்சியஸில் அளக்கச் சொல்கிறது. நீங்க அளந்தது 30 டிகிரியில்.

இந்த வகைக் கருவியை 1869-ல் உருவாக்கியவர் எர்ன்ஸ்ட் அபே. 1840 ஜனவரி 23-ல் ஜெர்மனியின் ஐசனாக் நகரில் பிறந்தார். அப்பா நூற்பாலைத் தொழிலாளி. தினமும் 14, 16 மணி நேரம் நின்றபடியே வேலை. மதியச் சாப்பாடு கொண்டுபோவது சிறுவன் அபேதான். அப்பா மெஷின்ல சாய்ந்துக்கிட்டே சாப்பிட்டு முடிப்பார்.

பையன் படிப்பில் கெட்டி என்பதால் ஆலை முதலாளியே படிப்புக்கு உதவினார். 1861-ல், 21 வயதில், கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். ஆய்வுத் தலைப்பு என்ன தெரியுமா? வெப்பமும் இயந்திர வேலையும் ஒன்றுக்கொன்று சமம் என்பது பற்றி!

1866-ல் யேனா நகரில் மைக்ரோஸ்கோப் தயாரித்துவந்த கார்ல் ஸைஸ் அவரைக் கூப்பிட்டார். அதுவரை லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துத்தான் சரி செய்தார்கள். கணக்குப் போட்டுச் செய்யணும்னா, ஒவ்வொரு கண்ணாடியும் திரவமும் ஒளியை எவ்வளவு வளைக்குதுன்னு துல்லியமா தெரியணும். அதற்காகப் பிறந்ததுதான் அபே ரீஃப்ராக்டோமீட்டர். இரண்டு பிரிசம், நடுவுல ஒரு சொட்டு திரவம். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோடு எங்கே விழுதுன்னு பார்த்தா போதும்.

ஆனா சூடானா திரவம் விரியும், அடர்த்தி குறையும், அந்த எண்ணும் இறங்கும். தண்ணீருக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 0.0001. எண்ணெய்க்கு சுமார் 0.00037, கிட்டத்தட்ட நாலு மடங்கு. அதனாலதான் பின்னாளில் வந்த மாடல்களில் பிரிசத்தைச் சுற்றி வெந்நீர் ஓட வழி செய்து, தெர்மாமீட்டரும் பொருத்தினார்கள்.

இன்று கையடக்கக் கருவிகளில் 'தானியங்கி வெப்பநிலைத் திருத்தம்' என்று எழுதியிருக்கும். அது பொதுவாக சர்க்கரைக் கரைசலுக்கான கணக்கு. எண்ணெய், ஆல்கஹால், கிளைகால் வெச்சா அந்தத் திருத்தத்தை நம்ப முடியாது. நம்ம தேங்காய் எண்ணெய்க்கு நாமே கணக்குப் போடணும்: 10 டிகிரி வித்தியாசம், 0.0037. கழிச்சா 1.448-க்கு மேல, சரியான இடத்துக்கு வந்துடும். இன்னும் நல்லது, பிரிசத்தையே 40 டிகிரிக்குக் கொண்டுவந்து, எண்ணெயும் அந்தச் சூட்டுக்கு வரும்வரை காத்திருந்து அளப்பது.

காலிபரேஷனிலும் ஒரு பொறி இருக்கு. காய்ச்சி வடித்த நீர் 20 டிகிரியில் 1.3330, 30 டிகிரியில் 1.3319. சென்னை வெயில்ல உட்கார்ந்துக்கிட்டு 1.3330-ன்னு செட் பண்ணினா, ஆரம்பமே 0.0011 தப்பு. தேங்காய் எண்ணெய்க்கு அனுமதித்த மொத்த இடைவெளியே 0.0010 தான்!

சரி, அபே கதைக்கு வருவோம். 1876-ல் ஸைஸ் நிறுவனத்தில் பங்குதாரர் ஆனார். 1888-ல் ஸைஸ் இறந்தார். மறுவருஷமே அபே ஓர் அறக்கட்டளையைத் தொடங்கி, 1891-ல் தன் பங்குகளை அதற்கே எழுதிவைத்தார். யோசிச்சுப் பாருங்க, கோடீஸ்வரரா இருந்திருக்க வேண்டியவர். 1896-ல் அவர் எழுதிய சட்டதிட்டத்தில் சம்பளத்தோடு விடுமுறை, ஓய்வூதியம் எல்லாம் இருந்தன. நிர்வாகியின் சம்பளம் தொழிலாளியின் சராசரிச் சம்பளத்தைப்போல 10 மடங்கைத் தாண்டக் கூடாது என்பதும் உண்டு. நம்ம ஆபீஸ்ல இதைக் கேட்டுப் பார்க்கலாம்தான்!

1900-ல் ஸைஸ் தொழிற்சாலையில் 8 மணி நேர வேலை நாள் வந்தது. உடல்நிலை மோசமாகி 1903-ல் ஓய்வுபெற்ற அபே, 1905 ஜனவரி 14-ல் யேனாவில் இறந்தார். 65-வது பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் இருந்தது.