சென்னை தந்த மூவிழைச் சுருள்

1953இல் வாட்சனும் கிரிக்கும் டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவத்தை வெளியிட்டதைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறி அமைந்த இரு இழைகள். அவற்றை ஏணிப்படிகளாக இணைக்கும் நான்கு வகைக் காரங்கள். ஆனால், அடுத்த ஆண்டே சென்னையிலிருந்து ஒரு மூவிழைச் சுருள் உலகுக்கு அறிமுகமானதை எனக்கு எந்த ஆசிரியரும் சொன்னதில்லை. அதைக் கண்டவர் ஜி.என்.ராமச்சந்திரன்.

1922இல் எர்ணாகுளத்தில் பிறந்த அவர், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் மின்பொறியியல் பயிலச் சேர்ந்தார், சி.வி.ராமனால் இயற்பியலுக்கு ஈர்க்கப்பட்டார். கேம்பிரிட்ஜில் ஆய்வு முடித்துத் திரும்பியவர், 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார்.

தோலையும் எலும்பையும் தாங்கிநிற்கும் கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு அப்போது புதிராகவே இருந்தது. சென்னைக்கு வந்த பிரிட்டன் அறிஞர் பெர்னால் அதை அவரிடம் சுட்டிக்காட்டினார். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர்ப் படங்களில் விடை தேடினர். கொலாஜனின் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். மூன்று இழைகள் நெருங்கும் நடுப்பகுதியில், மிகச் சிறிய அமிலமான கிளைசினுக்கு மட்டுமே இடமிருக்கும் என அவர்கள் கண்டனர். 1954இல் ‘நேச்சர்’ இதழ் அதை வெளியிட்டது. மறு ஆண்டு அவர்களே அந்த வடிவத்தைத் திருத்தி மேம்படுத்தினர்.

அணுக்கள் சில இடங்களில் அளவுக்கு மீறி நெருங்கியிருப்பதாகக் கிரிக்கும் ரிச்சும் குறைகூறினர். ராமச்சந்திரன் அந்த மறுப்பையே ஆய்வுக் கேள்வியாக்கினார்: இரு அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்க முடியும்? ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் அவர் வெளியிட்ட வரைபடம், ஒரு புரத இழை எந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்ப முடியாது என்பதைக் காட்டியது. இன்றும் புதிய புரத அமைப்புகள் ‘ராமச்சந்திரன் வரைபட’த்தைக் கொண்டு சரிபார்க்கப்படுகின்றன. 2001இல் சென்னையில் மறைந்த அவருக்கு நோபல் பரிசு கிட்டவில்லை.

அவர் பணியாற்றிய இரு நகரங்களுக்கும் இடையே, ஒசூரை அடுத்த சானமாவில் வாழ்கிறேன். தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர்களிடம், பெரிய ஆய்வெல்லாம் வெளிநாட்டில்தான் நடக்கும் என்ற பேச்சை அடிக்கடி கேட்கிறேன். அதற்கு மறுமொழி ராமச்சந்திரனின் வாழ்க்கை. இரட்டைச் சுருளைக் கரும்பலகையில் வரையும் ஆசிரியர், அருகிலேயே சென்னையின் மூவிழைச் சுருளையும் வரைய வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.