கல்முனைக்கு வந்த அஸீஸ் துரை

கல்முனைக்குடிக்கு வருகிறவர்கள் முதலில் போவது கடற்கரைப் பள்ளிக்குத்தான். நாகூர் ஷாகுல் ஹமீது நாயகத்தின் நினைவாக வருடந்தோறும் கொடியேற்றம் நடக்கும் இடம் அது. 2004 சுனாமி இந்தக் கரையை அள்ளிக்கொண்டு போன பிறகும் கொடியேற்றம் நிற்கவில்லை. நானும் அங்கு போனேன். ஆனால், இந்த ஊர்ப்பக்கத்தின் வரலாற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு வயல்வெளியின் பெயர்: அஸீஸ் துரைக் கண்டம்.

துரை என்பது வெள்ளைக்கார அதிகாரிகளைச் சனங்கள் அழைத்த சொல். இந்தத் துரையோ யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911 ஒக்டோபர் 4இல் பிறந்த நம்மவர், மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ். இராமகிருஷ்ண மிஷனின் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்தார். கொழும்பில் வரலாற்றுப் பட்டம் பெற்று, புலமைப்பரிசிலில் கேம்பிரிட்ஜ் போனார். இலங்கைச் சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம் அவர்தான்.

அவரைக் கல்முனைக்குக் கொண்டுவந்தது யுத்தம். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்ததோடு பர்மா அரிசி நின்றுபோனது. ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. நாட்டுக்குச் சோறு உள்நாட்டு வயலில் இருந்துதான் வரவேண்டும் என்ற நிலை. நெல் விளையும் மட்டக்களப்பின் தென்பகுதிக்காகக் கல்முனையில் ஓர் அவசரகாலக் கச்சேரி திறக்கப்பட்டது. அதற்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டவர் அஸீஸ். அப்போது அவருக்கு வயது 30.

உணவு உற்பத்தியைக் கூட்டுவதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. அதைச் செய்தார், செய்ததற்கு நன்றியாகத்தான் ஊரார் கண்டத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஆனால் வயலோடு சேர்த்து அவர் இன்னொன்றையும் கண்டார். வேளாண்மை செய்கிறவனின் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை. போன பிள்ளைக்கும் மேலே படிக்கக் காசில்லை. அதே 1942இல் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். அரசாங்கம் கேட்காத வேலை அது.

அந்த நாட்களில்தான் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தருடன் அவருக்கு நெருக்கம் ஏற்பட்டது. இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியாக இருந்து துறவியாகி, பள்ளிக்கூடங்களை நடத்தியவர் சுவாமி. பதவியை விடக் கல்வி பெரிது என்று வாழ்ந்து காட்டிய ஒருவர் பக்கத்து ஊரில் இருந்தது, அஸீஸின் மனதில் ஏதோ செய்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

கல்முனையில் தொடங்கியது பிறகு நாடு முழுவதற்குமாக விரிந்தது. 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை உருவாக்கினார். வசதியில்லாத எத்தனையோ பிள்ளைகள் பல்கலைக்கழகம் போனது அந்த நிதியால். 1948இல் யாரும் எளிதில் செய்யாததைச் செய்தார். சிவில் சேவையை விட்டு விலகி, கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். அன்றைக்கு அந்தச் சேவையை விட மேலான உத்தியோகம் இந்த நாட்டில் இல்லை. 1961 வரை ஸாஹிராவில் இருந்தார். செனட்டராகவும் இருந்தார், 1950இல் முஸ்லிம் வாலிபர் சங்கப் பேரவையை நிறுவினார், ‘இலங்கையில் இஸ்லாம்’ என்ற நூலைத் தமிழில் எழுதினார். 1973 நவம்பர் 24இல் காலமானார்.

இன்றைய கல்முனையைப் பார்க்கும்போது இந்தக் கதை வேறு விதமாகவும் உறைக்கிறது. வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தும் விவகாரத்தில் 2019இல் உண்ணாவிரதம் வரை போனோம். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்த நாட்கள் அவை. இரு பக்கமும் சொல்ல நியாயங்கள் இருக்கின்றன. ஆனால் இந்துக் கல்லூரியில் படித்த ஒரு முஸ்லிம் அதிகாரியும் காரைதீவின் ஓர் இந்துத் துறவியும் இதே மண்ணில் நண்பர்களாக இருந்ததும், அந்த நட்பு படிப்பைச் சுற்றி இருந்ததும் உண்மை.

நான் பேசிய இளைஞர்கள் சிலருக்குக் கண்டத்தின் பெயர் தெரிந்திருந்தது, ஆளைத் தெரியவில்லை. கல்முனையிலும் காரைதீவிலும் உள்ள பாடசாலைகள் அஸீஸையும் விபுலாநந்தரையும் ஒரே நாளில், ஒரே மேடையில் நினைவுகூர்ந்தால் என்ன? பெரிய செலவு வராது. இரண்டு ஊர் அதிபர்களும் ஒருமுறை உட்கார்ந்து பேசினால் போதும்.