வாசிக்கக் கஷ்டம், கேட்கச் சுகம்: நாதஸ்வரத்தை நீளமாக்கிக்கொண்ட ராஜரத்தினம் பிள்ளையின் கதை

பனவடலிசத்திரம், சங்கரன்கோவில் பக்கம் கோயில் கொடை நேரத்தில் பஸ்ஸில் போயிருக்கீங்களா? ஏதாவது ஒரு ஊர் மைக்செட்டில் 'கொஞ்சும் சலங்கை' படத்தின் சிங்காரவேலனே பாட்டு கண்டிப்பா காதில் விழும். 1962-ல் வந்த படம். எஸ்.ஜானகியின் குரலோடு போட்டி போடும் அந்த நாதஸ்வரம், நம்ம நெல்லைச் சீமையைச் சேர்ந்த காருகுறிச்சி அருணாசலத்துடையது.

அந்த நாதஸ்வரத்தின் குரலைக் கவனிச்சுக் கேளுங்க. கீச்சென்று காதைத் துளைக்காது. கனமாக, ஆழமாக, ஒரு மனிதர் பாடுவதுபோல இருக்கும். நாதஸ்வரம் எப்போதும் இப்படி ஒலித்ததில்லை. இந்தக் குரலுக்குப் பின்னால் இருப்பவர் காருகுறிச்சியாரின் குருநாதர், திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. கைக்கும் மூச்சுக்கும் எளிதான கருவி கையிலேயே இருந்தும், சிரமமான கருவியைத் தேடிப் போனவர் அவர். ஏன்?

முதல்ல ஒரு கிட்டார் கதை

எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கும் நண்பர்கள் இருந்தால் இந்தப் புலம்பலைக் கேட்டிருப்பீங்க. கிப்சன் நிறுவனம் 1952-ல் கொண்டுவந்த லெஸ் பால் கிட்டாரின் ஒலிக்கு உலகமே அடிமை. ஆனால், நாலு கிலோவையும் தாண்டக்கூடிய எடை. ரெண்டு மணி நேரம் தோளில் மாட்டி நின்றால் முதுகு கெஞ்சும். ஃபெண்டரின் டெலிகாஸ்டர் இன்னொரு ரகம். ஒலி மணி மாதிரி. உடம்போ பலகையை அப்படியே அறுத்து வைத்ததுபோல இருக்கும். அதன் விளிம்பு விலாவில் குத்தும். இசைக் கலைஞர்களின் புகார்களைக் கேட்ட ஃபெண்டர், 1954-ல் வந்த ஸ்ட்ராடோகாஸ்டரில் உடம்பு படும் இடங்களைச் சரித்துச் செதுக்கிக் கொடுத்தது.

நல்ல ஒலியும் நல்ல வசதியும் ஒரே கருவியில் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். கிடைக்காதபோது எதை விட்டுக்கொடுப்பது என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் இந்தச் சோதனைகள் நடப்பதற்கு முன்பே, காவிரிக் கரையில் ஒருவர் இந்தக் கேள்விக்கு வாசித்தே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

யார் இந்த டி.என்.ஆர்.?

1898 ஆகஸ்ட் 27-ல் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் பாலசுப்பிரமணியம். அவரைத் தத்தெடுத்து வளர்த்தவர் தாய்மாமன் நடேசப் பிள்ளை. அவரும் பெரிய நாதஸ்வர வித்வான். திருவாவடுதுறை ஆதீனத்தில் வாசித்தவர். ராஜரத்தினம் என்ற பெயர் பிறகு வந்தது.

சின்ன வயசில் கையில் முதலில் எடுத்தது நாதஸ்வரம் இல்லை. வயலின் மேதை திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரிடம் வாய்ப்பாட்டு கற்றார். பிறகு அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம் நாதஸ்வரம். இந்த வரிசை முக்கியம். பாட்டுக்காரராகத் தொடங்கியவர் என்பதால், குழலில் அவர் தேடியதும் ஒரு பாடகரின் குரல்தான். பின்னாளில் அவர் தனியாக வாய்ப்பாட்டுக் கச்சேரிகளும் செய்தார்.

திமிரி, பாரி: என்ன வித்தியாசம்?

நாதஸ்வரத்தில் (இசைக்காரர்கள் பலர் நாகஸ்வரம் என்பதே சரி என்பார்கள்) பழைய வகை திமிரி. நீளம் குறைவு, சுருதி அதிகம். நாலு, அஞ்சு கட்டையில் ஒலிக்கும். மைக் இல்லாத காலம். கோயிலில் சாமி புறப்பட்டால் நாலு வீதிக்கும் சத்தம் கேட்கணும். அதற்கு உச்சத்தில் ஒலிக்கும் திமிரி பொருத்தமான கருவி. துளைகள் நெருக்கமாக இருப்பதால் விரல்களும் எளிதாக ஓடும்.

பாரி இதற்கு நேர் எதிர். ரெண்டரை அடி அளவுக்கு நீளம். ரெண்டு கட்டை பக்கத்தில் ஒலிக்கும். ஆண் பாடகர்கள் வழக்கமாகப் பாடும் சுருதிக்கு அது ரொம்ப கிட்டே வருகிறது. அதனால்தான் பாரியில் ஒரு ராகத்தை விரித்து வாசிக்கும்போது, யாரோ பாடுவதுபோல நமக்குத் தோன்றுகிறது.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. குழலின் நீளம் கூடினால் சுருதி இறங்கும், இது இயற்பியல். நீளம் கூடினால் துளைகளுக்கு இடையிலான தூரமும் கூடும். விரல்களை விரித்துப் பிடிக்கணும். உள்ளே நிற்கும் காற்றுத் தூண் பெரிதாகும். அதை அசைக்க மூச்சும் கூடுதலாக வேணும். ஆச்சா மரத்தில் கடைந்த நீளமான குழலை, கீழே ஊன்றாமல் கையிலேயே தாங்கணும்.

புல்லாங்குழல்போல நேராக ஊதும் கருவியும் இல்லை இது. காவிரிப் படுகையில் விளையும் கொறுக்கை நாணலில் செய்த சீவாளியை உதட்டில் கவ்வி ஊதணும். ஒரு ஸ்வரம் சரியாக வருமா வராதா என்பது விரலில் பாதி, உதட்டின் அழுத்தத்தில் பாதி. சீவாளி கொஞ்சம் உலர்ந்தாலும் மக்கர் பண்ணும். அதனால்தான் நாதஸ்வரத்தில் மாற்றுச் சீவாளிகள் கொத்தாகத் தொங்குவதைப் பார்க்கிறோம்.

இவ்வளவு தொல்லை இருந்தும் டி.என்.ஆர். பாரியை எடுத்தார். பாரியைக் கச்சேரி மேடையின் கருவியாக நிலைநிறுத்தியவர் என்ற பெயர் அவருக்குத்தான். கூடவே இன்னொரு மாற்றமும் செய்தார். நாதஸ்வரத்துக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்த ஒத்து என்ற குழலை விலக்கிவிட்டு, பாடகர்களைப்போல தம்புராவை வைத்துக்கொண்டார்.

தோடியில் ஒளிந்திருந்த தொல்லை

டி.என்.ஆர். என்றாலே தோடி. அந்த ராகத்தை மணிக்கணக்கில் விரித்து வாசிப்பார். அவருடைய தோடி இசைத்தட்டு வீடு வீடாகப் போனது. ஜி.என்.பாலசுப்பிரமணியம் போன்ற பெரிய பாடகர்களே டி.என்.ஆரின் ராக ஆலாபனையைக் கேட்டுத் தங்கள் பாணியை வளர்த்துக்கொண்டார்கள். கருவி பாடகரைப் பின்பற்றும் என்பது வழக்கம். இங்கே பாடகர்கள் கருவியைப் பின்பற்றினார்கள்.

ஆனால், தோடிக்கு நாதஸ்வரம் அவ்வளவு சுலபமாக ஒத்துழைக்காது. காரணம் 'ம' என்ற ஸ்வரம். கர்னாடக இசையில் ரெண்டு 'ம' உண்டு. கீழே இருப்பது சுத்த மத்தியமம், மேலே இருப்பது பிரதி மத்தியமம். பழைய நாதஸ்வரத்தில் துளையைத் திறந்தால் இயல்பாக வருவது மேல் 'ம'. தோடிக்கு வேண்டியது கீழ் 'ம'. அதை வரவழைக்க, ஒவ்வொரு முறையும் துளையைப் பாதி மூடி, மூச்சை அடக்கி, உதட்டால் சமாளிக்கணும். வேகமான பிருகாக்களுக்கு நடுவே இதைச் செய்வதை யோசிச்சுப் பாருங்க. நல்ல ரோட்டில் ஓடும் வண்டி, ஒரே ஒரு இடத்தில் மட்டும் எப்போதும் குழியில் இறங்குவது மாதிரி.

தீர்வு கும்பகோணம் அருகே உள்ள நரசிங்கம்பேட்டையில் கிடைத்தது. அங்கே நாதஸ்வரம் செய்வது தலைமுறைத் தொழில். ரங்கநாதன் ஆசாரி, டி.என்.ஆருக்காகப் பல முறை முயன்று, சுத்த மத்தியமம் தன்னியல்பாகப் பேசும் பாரி நாதஸ்வரத்தை உருவாக்கினார். துளைகளின் அளவிலும் இடத்திலும் மயிரிழை வித்தியாசம்தான். அந்த மயிரிழைக்காகத்தான் அத்தனை உழைப்பு. அந்த ஊரின் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இது நடந்தது 1955 வாக்கில். டி.என்.ஆர். மறைந்தது 1956-ல். அதாவது, அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த தோடி எல்லாம், பெரும்பாலும் 'ம' மக்கர் பண்ணிய கருவிகளில் வாசித்ததுதான். குறை தீர்ந்த கருவியை அனுபவிக்க அவருக்குக் காலம் இல்லை. அதன் வசதி அடுத்த தலைமுறைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு சிரமம் ஓகே, இன்னொன்று நோ

கருவி தந்த கஷ்டத்தை இவ்வளவு பொறுமையாக ஏற்றுக்கொண்ட மனிதர், மனிதர்கள் தந்த கஷ்டத்தை மட்டும் துளிகூட ஏற்கவில்லை.

அன்றைய நிலைமை இதுதான். பாடகர் மேடையில் உட்கார்ந்து பாடலாம். நாதஸ்வரக்காரர் நின்றுகொண்டே வாசிக்கணும். மேலே சட்டை கூடாது. துண்டைத் தோளில் போட்டால் பெரிய மனிதர்களுக்குக் கோபம் வரும், இடுப்பில் கட்டிக்கொள்ளணும். கல்யாணத்தில் எல்லோருக்கும் முன்னால் கேட்பது அவர் இசை. அவருக்கு இடம் கடைசியில். இசை வேளாளர் சமூகத்தில் பிறந்ததற்கான விலை அது. கருவி எவ்வளவு மங்கலமோ, கலைஞருக்கு அவ்வளவு மரியாதை கிடைக்கவில்லை.

டி.என்.ஆர். குடுமியை எடுத்து கிராப் வைத்துக்கொண்டார். பட்டு ஜிப்பா, ஷெர்வானி, காலில் ஷூ என்று வந்து நின்றார். மேடை போட்டால்தான் வாசிப்பேன், உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்பதில் உறுதியாக இருந்தார். பாடகர்களுக்குச் சமமான சன்மானம் கேட்டார். பேரும் புகழும் இருந்ததால் கேட்டது கிடைத்தது. அவர் பெற்ற இடத்தில் பின்னால் வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். நாதஸ்வரக் கச்சேரி என்றால் மேடையும் மைக்கும் உண்டு என்று இன்றைக்கு நாம் சாதாரணமாக நினைக்கிறோமே, அதற்குப் பின்னால் இந்தப் பிடிவாதம் இருக்கிறது.

நீளமான பாரிக்கும் இந்தப் பிடிவாதத்துக்கும் தொடர்பு உண்டு என்று சொல்லலாம். இரவு முழுக்க நடந்துகொண்டே ராகத்தைச் செதுக்க முடியாது. அதற்கு உட்கார இடம் வேணும், தம்புரா வேணும், அமைதியாகக் கேட்கும் சபை வேணும். வீதிக்கு வாசிக்கத் திமிரி போதும். சபைக்கு வாசிக்கத்தான் பாரி.

சினிமா, டெல்லி, கடைசி நாட்கள்

எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கி 1940-ல் வெளிவந்த 'காளமேகம்' படத்தில் கவி காளமேகமாக நடித்தார். படத்தைவிட அவர் வாசிப்பே நிலைத்தது.

1947 ஆகஸ்ட் 14 இரவு. சுதந்திரத்துக்குச் சில மணி நேரம் முன்பு, திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் நேருவிடம் செங்கோல் வழங்கப்பட்டபோது நாதஸ்வரம் வாசித்தவர் டி.என்.ஆர். 2023-ல் புதிய நாடாளுமன்றத் திறப்பின்போது செங்கோல் பற்றி அத்தனை விவாதம் நடந்ததே, ஞாபகம் இருக்கா? அந்தச் செங்கோலின் கதையில் இவரும் உண்டு.

அவரைப் பற்றிய எல்லாமே பாராட்டு இல்லை. நிறைய சம்பாதித்தார், அதைவிட நிறைய செலவு செய்தார். குடிப்பழக்கம் இருந்தது. ஒப்புக்கொண்ட கச்சேரிக்கு நேரத்துக்கு வரமாட்டார் என்ற பேச்சும் இருந்தது. ஆனாலும் ஜனங்கள் காத்திருந்தார்கள். 1956 டிசம்பர் 12-ல், 58 வயதில் மறைந்தார்.

தெற்கே வந்த குரல்

அவருடைய பாணியைத் தெற்கே கொண்டுவந்தவர் காருகுறிச்சி அருணாசலம். சேரன்மகாதேவி அருகே உள்ள காருகுறிச்சியில் 1921-ல் பிறந்தவர். டி.என்.ஆரிடம் சீடராக இருந்து, கூடவே வாசித்துக் கற்றார். பிறகு கோவில்பட்டியில் வீடு கட்டி வாழ்ந்தார். 1964-ல், இன்னும் நிறைய வாசித்திருக்க வேண்டிய வயதில் மறைந்தார். கோவில்பட்டியில் அவருக்குச் சிலை இருக்கிறது.

'கொஞ்சும் சலங்கை' பாட்டில் நாதஸ்வரமும் பெண் குரலும் சரிசமமாக நிற்கின்றன. குரல் பாடுவதைக் குழல் அப்படியே திருப்பிச் சொல்கிறது. நாதஸ்வரத்தால் பாட முடியும் என்று டி.என்.ஆர். மேடைகளில் வாசித்துக் காட்டியதை, சீடர் சில நிமிடத்தில் ஊர் ஊருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அடுத்த தடவை கொடையிலோ கல்யாணத்திலோ நாதஸ்வரக்காரரைப் பார்த்தால், அவர் கையில் இருக்கும் குழலின் நீளத்தைக் கவனிங்க. விரல்கள் எவ்வளவு விரிந்திருக்கின்றன என்று பாருங்க. அப்படியே, அவர் உட்கார நாற்காலி போட்டிருக்காங்களா என்றும் ஒரு பார்வை பாருங்க.