மூச்சில் கலந்த நஞ்சு

1910இல் பிறந்த பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோ, விமானியாகும் கனவை 1936இல் நேர்ந்த கார் விபத்தில் இழந்தார். முறிந்த கைகள் தேற மத்தியதரைக் கடலில் நீந்தியவரைக் கடலே ஆட்கொண்டது. 1943இல் பொறியாளர் எமில் கன்யானுடன் இணைந்து, நீருக்கடியில் தடையின்றி மூச்சுவிடும் கருவியை உருவாக்கினார்.

அக்கருவியை நம்பியே 1946 ஆகஸ்டு 27 அன்று, தென்பிரான்சின் வோக்ளூஸ் ஊற்றுக் குகைக்குள் நண்பர் துமாவுடன் இறங்கினார். கவிஞர் பெத்ரார்க் தனிமை நாடி வாழ்ந்த பள்ளத்தாக்கு அது. ஆண்டுதோறும் ஊற்று பொங்குவதன் காரணம் காண்பதே நோக்கம். இருண்ட சுரங்கவழியில் இருவருக்கும் அறிவு மயங்கிற்று. துமாவின் வாயிலிருந்து மூச்சுக்குழாய் நழுவிற்று. அவரைத் தாங்கியபடி கூஸ்தோ கயிற்றைப் பற்றி ஏற முயன்றார். மேலே நின்ற பார்க், கூடுதல் கயிறு கேட்பதாக எண்ணித் தளர்த்திக்கொண்டே இருந்தார். ஏற ஏறக் கயிறு இறங்கியது! இறுதியில் பார்க் ஐயுற்று இழுத்தமையால் இருவரும் பிழைத்தனர்.

குற்றம் குகையினுடையதன்று. உருளைகளில் காற்றடைத்த இயந்திரம் தன் புகையையே உறிஞ்சி, கார்பன் மோனாக்சைடைக் கலந்திருந்தது. உயிர்காத்த பார்க், மறு ஆண்டே ஆழ்முக்குளிப்பு ஒன்றில் மாண்டார். கூஸ்தோ 1997இல் மறைந்தார். அதற்கு முன்பே, 1985இல், ஆளில்லா இயந்திரம் ஒன்று அவ்வூற்றில் 308 மீட்டர் ஆழம்வரை சென்று திரும்பியிருந்தது.