அணிவகுப்பு மைதானத்தில் ஸ்விங் இசை... ஜீப்பில் டிரம்ஸ் ஏற்றிய க்ளென் மில்லர்!

அமெரிக்க டிரம் கார்ப்ஸ் வீடியோ எதையாவது யூடியூபில் பார்த்திருக்கீங்களா? ஃபுட்பால் மைதானம் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர்கள். கையில் பித்தளை வாத்தியங்கள், இடுப்புக்கு மேலே டிரம்கள். நடந்துகிட்டே, ஓடிக்கிட்டே, வட்டமும் கோடுமாக மாறிக்கிட்டே வாசிப்பாங்க. ஒரு ஸ்டெப்கூட பிசகாது. அவங்க வாசிக்கிறது ராணுவ மார்ச் மட்டும்தான்னு நினைச்சுடாதீங்க. ஜாஸ், ராக், பாப், சினிமா இசைன்னு எல்லாமே மைதானத்துக்கு வரும்.

இன்னைக்கு இது சாதாரணம். ஆனா, 80 வருஷங்களுக்கு முன்னாடி, அணிவகுப்பில் ஹிட் பாட்டு வாசிச்சதுக்காகப் பெரிய எதிர்ப்பைச் சந்தித்தார் ஒருவர். அவர் அப்போது அமெரிக்காவின் டாப் பேண்ட் லீடர். பெயர், க்ளென் மில்லர்.

மாடு கறந்த காசில் டிராம்போன்

1904 மார்ச் 1-ம் தேதி, அயோவா மாநிலத்தின் க்ளாரிண்டா என்ற சின்ன ஊரில் பிறந்தார் மில்லர். வசதியான குடும்பம் இல்லை. பிழைப்புக்காக நெப்ராஸ்கா, மிசௌரி, கொலராடோ என ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தார்கள். மாடு கறக்கும் வேலை பார்த்துச் சேர்த்த காசில்தான் சிறுவன் மில்லர் தன் முதல் டிராம்போனை வாங்கினான்.

கொலராடோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மனசு முழுக்க இசையில் இருந்தால் பரீட்சை என்னாகும்? படிப்பைப் பாதியிலேயே விட்டுவிட்டுப் பேண்டுகளில் வாசிக்கப் போய்விட்டார். அவரைவிட நல்ல டிராம்போன் கலைஞர்கள் அப்போது இருந்தார்கள். அவருடைய உண்மையான பலம் வேறு. ஒரு பாட்டை எந்த வாத்தியத்துக்கு எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்ற 'அரேஞ்ச்மென்ட்' வேலையில் அவர் கில்லாடி.

1937-ல் சொந்தமாகப் பேண்ட் ஆரம்பித்தார். நஷ்டம். 1938 தொடக்கத்தில் கலைத்துவிட்டார். அதே வருஷம் மறுபடியும் ஒரு பேண்ட். இந்த முறை கிளாரினெட்டும் டெனர் சாக்ஸபோனும் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிக்க, மற்ற சாக்ஸபோன்கள் கீழே தாங்கிப் பிடிக்கும் ஒரு தனி சவுண்ட் அவரிடம் இருந்தது. ரேடியோவில் கேட்ட உடனே 'இது மில்லர்'னு சொல்லிவிடலாம்.

1939-ல் 'மூன்லைட் செரனேட்', 'இன் த மூட்' என வரிசையாக ஹிட். 1941-ல் வந்த 'சட்டனூகா சூ சூ' 12 லட்சம் பிரதிகள் விற்றது. அதற்காக 1942 பிப்ரவரியில் அவருடைய ரெக்கார்டு கம்பெனி அந்த இசைத்தட்டுக்குத் தங்க முலாம் பூசிப் பரிசளித்தது. 'கோல்டு ரெக்கார்டு' என்ற வழக்கம் அங்கிருந்துதான் ஆரம்பம்.

உச்சத்தில் இருந்தவர் போட்ட யூனிஃபார்ம்

அப்போது இரண்டாம் உலகப் போர். மில்லருக்கு 38 வயது, கல்யாணமானவர். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அவரே முன்வந்தார். கடற்படை வேண்டாம் என்றது. ராணுவம் ஏற்றுக்கொண்டது. 1942 செப்டம்பரில் தன் பேண்டைக் கலைத்துவிட்டு, கேப்டன் மில்லராக யூனிஃபார்ம் போட்டார்.

1943-ல் யேல் பல்கலைக்கழக வளாகத்தில் விமானப்படைப் பயிற்சி மையம் நடந்தது. அங்கே இருந்த ராணுவ பேண்டுக்கு அவர்தான் பொறுப்பு. தினமும் அணிவகுக்கும் கேடட்களுக்கு வாசிக்க வேண்டும். வழக்கமான பாட்டு எது? ஜான் ஃபிலிப் சூசாவின் பழைய மார்ச்கள். அந்தப் பையன்களோ, சில மாதங்களுக்கு முன்பு வரை மில்லரின் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்குப் பிடித்த இசையிலேயே அவர்களை நடக்க வைத்தால் என்ன?

இடது, வலது... ப்ளூஸ்!

சொல்றது ஈஸி. செய்றது கஷ்டம். ஏன்னு பாருங்க.

அணிவகுப்பு நடையில் நிமிஷத்துக்குச் சுமார் 120 அடிகள். முதல் அடி விழும்போது எல்லோருடைய இடது காலும் தரையில் இருக்க வேண்டும். பாஸ் டிரம் அதைத்தான் சொல்லிக்கொண்டே இருக்கும். ஸ்விங் இசையின் சுகமே வேறு. அழுத்தம் எதிர்பாராத இடத்தில், அடிக்கும் அடிக்கும் நடுவில் வந்து விழும். அதைக் கேட்டு ஆடலாம். 500 பேர் ஒரே சீராக நடக்க முடியுமா?

மில்லரும், டிரம்மர் ரே மெக்கின்லி, அரேஞ்சர் ஜெர்ரி கிரே போன்ற அவருடைய ஆட்களும் கையில் எடுத்தது 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்'. கறுப்பின இசைக்கலைஞர் டபிள்யூ.சி. ஹேண்டி 1914-ல் வெளியிட்ட பாட்டு. ப்ளூஸின் ஒரு சுற்று 12 பார். மார்ச் இசையோ பெரும்பாலும் 16 பார் கட்டில் நடக்கும். ரெண்டையும் ஒட்டவைக்க அவர்கள் பிடித்த வழி இதுதான்: கீழே ஸ்னேர் டிரம்மும் பாஸ் டிரம்மும் சுத்தமான ராணுவ நடையை விடாமல் பிடிக்கும். மேலே பித்தளையும் சாக்ஸபோனும் ப்ளூஸை வளைத்து வளைத்து வாசிக்கும். காலுக்கு மார்ச், காதுக்கு ஸ்விங்!

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஆளுயர டபுள் பாஸையும் முழு டிரம் செட்டையும் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. அது இல்லாவிட்டால் ஸ்விங்குக்கு உயிரே இல்லை. அதனால் அவற்றை ஜீப்களில் ஏற்றி, நடக்கும் பேண்டோடு சேர்த்தே ஓட்டினார்கள்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. அந்த ராணுவம் கறுப்பர்களைத் தனிப்பிரிவாக ஒதுக்கி வைத்திருந்தது. மில்லரின் பேண்டில் இருந்தவர்கள் எல்லோரும் வெள்ளையர்கள். கறுப்பினத்தவரின் ப்ளூஸுக்கு அணிவகுப்பில் இடம் கிடைத்தது. அந்த இசையைப் படைத்த இனத்தவர் அதே வரிசையில் நிற்க முடியவில்லை.

கொதித்த பெருசுகள், ரசித்த பசங்க

கேடட்களுக்கு ஒரே குஷி. பழைய பாணி அதிகாரிகளுக்கும் பேண்ட் மாஸ்டர்களுக்கும் கோபம். ராணுவ இசையின் மரியாதை போச்சு என்றார்கள். 1943 செப்டம்பரில் 'டைம்' பத்திரிகை வரை இந்த விவகாரம் போனது. மில்லர் அசரவில்லை. நடக்கப்போவது இந்தப் பையன்கள், போருக்குப் போகப்போவதும் இவர்கள்தான், அப்படியென்றால் இசையும் இவர்களுக்கானதாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. 'ப்ளூஸ் இன் த நைட்', 'ஜெர்சி பவுன்ஸ்' போன்ற ஹிட்களும் மார்ச் ஆக மாறின.

1944 கோடையில் சுமார் 50 பேர் கொண்ட பேண்டோடு இங்கிலாந்து போனார். லண்டனில் ஜெர்மனியின் பறக்கும் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. பேண்டை அவசரமாக பெட்ஃபோர்டுக்கு மாற்றினார். மறுநாள் காலை, அவர்கள் தங்கியிருந்த ஸ்லோன் கோர்ட் தெருவில் குண்டு விழுந்தது. அங்கிருந்த அமெரிக்க வீரர்கள் பலர் இறந்துபோனார்கள்.

அந்த அதிர்ஷ்டம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1944 டிசம்பர் 15. பேண்டுக்கு முன்னால் பாரிஸ் போய் ஏற்பாடுகளைக் கவனிக்க, மேஜர் மில்லர் ஒரு சின்ன ஒற்றை இன்ஜின் விமானத்தில் ஏறினார். மோசமான வானிலை. கூட இருந்தவர்கள் இரண்டே பேர். விமானம் பாரிஸ் போய்ச் சேரவே இல்லை. இன்றுவரை அது கிடைக்கவும் இல்லை. அவருக்கு 40 வயது. அவர் இல்லாமலேயே பேண்ட் பாரிஸ் போனது, வீரர்களுக்காக வாசித்தது.

மைதானத்தில் இன்னும் கேட்கிறது

டிரம் கார்ப்ஸ் குழுக்களுக்கான சர்வதேச அமைப்பு அமெரிக்காவில் 1972-ல் உருவானது. மைதானத்தில் பாப் இசை வாசிக்கும் வழக்கத்தை மில்லர் ஒருவரே தொடங்கிவைத்தார் என்று சொல்ல முடியாது. ஆனா, அவர் மோதிய அதே சிக்கல்களோடுதான் இன்றைய அரேஞ்சர்களும் மோதுகிறார்கள். கிடாரும் பாடகரும் செய்ததை டிரம்பெட்டுக்கு எப்படி மாற்றுவது? பாட்டின் தாளத்தை ஓடும் கால்களோடு எப்படிக் கட்டுவது? தூக்க முடியாத வாத்தியங்களை இன்று மைதானத்தின் ஓரத்தில் வரிசையாக நிறுத்தி வாசிக்கிறார்கள். மில்லருக்கு அதற்கு ஜீப் கைகொடுத்தது.

ஒரு சின்ன டாஸ்க். பெஸ்ஸி ஸ்மித் 1925-ல் பாடிய 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' பாட்டைத் தேடி முதலில் கேளுங்க. சோகம் சொட்டும். அடுத்து மில்லரின் மார்ச்சைப் போட்டு, ஹெட்செட் மாட்டிக்கிட்டு ஒரு ரவுண்டு நடங்க. ரெண்டும் ஒரே பாட்டுதான். ஆனா, ரெண்டாவதுல உங்க கால் உங்களைக் கேட்காமலேயே தாளத்துக்கு வந்துடும்!