தொப்பி ஊசியால் ஓடிய கார்

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் மோட்டார் வண்டி செய்தார். வாங்கத்தான் ஆள் இல்லை. மனைவி பெர்த்தா அம்மையாரின் சீதனப் பணமும் அந்தத் தொழிலில் முடங்கிக் கிடந்தது.

1888 ஆகஸ்டில் ஒருநாள் அதிகாலை. கணவரிடம் சொல்லாமல், இரு மகன்களுடன் அம்மையார் வண்டியைக் கிளப்பினார். மான்ஹைமிலிருந்து பிறந்த ஊரான போர்ட்ஸ்ஹைமுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல்!

எண்ணெய் தீர்ந்தது. பெட்ரோல் பங்கு அன்று ஏது? வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில், கறை எடுக்க விற்ற பெட்ரோலிய எண்ணெயை வாங்கி ஊற்றினார். எண்ணெய்க் குழாய் அடைத்தது. தொப்பி ஊசியை உருவிக் குத்தினார், அடைப்பு நீங்கியது. மின்கம்பியின் உறை தேய்ந்தது. காலுறைப் பட்டியைக் கழற்றிச் சுற்றினார். சங்கிலிக்குக் கொல்லர், தேய்ந்த பிரேக் கட்டைக்குத் தோல் அடிக்கச் செருப்புத் தைப்பவர். மேடு வந்தால் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள்.

இருட்டியபின் ஊர் சேர்ந்ததும் கணவருக்குத் தந்தி பறந்தது. மேடு ஏற வண்டி திணறியதை அறிந்த பென்ஸ், இன்னொரு கியர் சேர்த்தார்.